நீ பாதியில் நிறுத்திய நடனம்

பெங்களூரில் என் முழங்காலுக்கு வைத்தியம் பார்க்கும் பெண், போன வாரம் ஒரு புதுக் கட்டுத்துணிச் சுருளைப் பிரித்தாள். பிளீச்சிங் பவுடரும் கஞ்சியும் கலந்த வாடை குப்பென்று வந்தது. அவள் பாட்டுக்கு என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துச் சுற்றத் தொடங்கிவிட்டாள். எனக்கோ சத்திரப்பட்டியில் உங்கள் தறிக்கூடத்துக்குப் பின்னால் நிற்பதுபோல் இருந்தது.

உன் அப்பா ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி நெய்து அனுப்பிக்கொண்டிருந்தார். அறுத்துப் போட்ட ஓரத்துணி மூலையில் குவிந்து கிடக்கும். அதில் ஒரு கை அள்ளிப் பையில் திணித்துக்கொண்டுதான் நீ ராஜபாளையத்துக்கு டான்ஸ் வகுப்புக்குப் பஸ் ஏறுவாய். சலங்கையின் வார் கணுக்காலை அறுக்காமலிருக்க மற்றப் பிள்ளைகள் சாக்ஸ் போடுவார்கள். நாம் இரண்டு பேரும் பேண்டேஜைச் சுற்றிக் கட்டுவோம். வகுப்பு நடந்த மாடிக்குக் கீழே உரக்கடை. அந்தக் கடைக்காரர் நம் கால்களைப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளைகளா, இன்னைக்கு எந்த லாரியில விழுந்தீக?" என்று கேட்பார். நீ சிரிக்காமல், "லாரிக்குத்தான் அண்ணாச்சி அடி" என்று சொல்லிவிட்டுப் படியேறுவாய்.

வைத்தியம் பார்க்கும் பெண் முட்டியின் உள்பக்கத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, "எத்தனை வருஷமா இப்படி முட்டியை விரிச்சு உட்கார்ந்து ஆடறீங்க?" என்று கேட்டாள். அப்படிப் பரதம் ஆடுவதை நான் விட்டு ரொம்பக் காலம் ஆகிறது, இப்போது நான் அமைப்பது நவீன நடனம் என்றேன். "உங்க முட்டிக்கு அது தெரியலையே" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பணம் கொடுத்து வைத்தியம் பார்த்துக்கொள்ள வந்த இடத்தில் இதையெல்லாமா கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்?

இந்தக் கோபத்தை வேறு யாரிடம் சொல்வது? நீ போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் வந்து போய்விட்டது. உன் வகுப்புப் பிள்ளைகளின் நிகழ்ச்சியையும் முடித்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். முடித்தேனா என்பதுதான் தெரியவில்லை. நடந்ததை உனக்கு எழுதினால் எனக்கே கொஞ்சம் விளங்குகிறதா என்று பார்க்கிறேன். விளங்காமலும் போகலாம். நீ ஒன்றும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

நம் வகுப்பு மாடியில் கண்ணாடி கிடையாது. அதனால் டான்ஸ் சார் நம்மை இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நிறுத்துவார். "எதிர்ல நிக்கிறவதான் உனக்குக் கண்ணாடி. அவ முகவாய் தொங்குனா, உன்னுதும் தொங்குதுன்னு வச்சுக்கோ" என்பார். என் எதிரே எப்போதும் நீ. உன் தோள் சரிந்தால் நான் என் தோளைத் தூக்குவேன். நீ உன் தோளைத் தூக்கினால், என் தோள்தான் சரிந்திருக்கிறது போல என்று இன்னும் தூக்குவேன். இப்படி இரண்டு பேரும் தோளைத் தூக்கித் தூக்கிக் காதுவரை கொண்டுபோய்ச் சாரிடம் குட்டு வாங்கியது உண்டு. நான் ஆடும்போது எப்படி இருக்கிறேன் என்று அந்த வருஷங்களில் எனக்குத் தெரியாது. நீ எப்படி இருக்கிறாய் என்றுதான் தெரியும்.

பின்னால் பெங்களூரில் நவீன நடனம் படிக்கப் போனபோது, சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்த கூடத்தில் முதல் நாள் நின்றேன். பயந்துபோய்விட்டேன் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேனா? எதிரே குட்டையாக, கறுப்பாக, நெற்றி அகலமாக ஒருத்தி நின்றாள். என் உடம்பு உன்னை எதிர்பார்த்துப் போயிருந்தது.

எங்கள் கிறிஸ்தவ வீட்டுச் சங்கதியும் உனக்குத் தெரிந்ததுதான். ஆடத் தொடங்கும் முன் பூமியைத் தொட்டுக் கும்பிட வேண்டும் என்று சார் சொன்ன நாளில் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்ற பயம். நினைத்தபடியே, ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது ஓர் அம்மாள் என் அம்மாவிடம், "ஒங்க பிள்ள மண்ணைத் தொட்டுக் கும்பிடுதாளாமே" என்று இழுத்தார். அம்மா நிதானமாக, "அந்த மண்ணைப் போட்டு மிதிக்கப் போறால்லா, அதான் முந்தியே மன்னிப்புக் கேக்கா. நாமளும் வாராவாரம் அதுக்குத்தான இங்க வாரோம்" என்றாள். இதை உன்னிடம் வந்து சொன்னபோது நீ படிக்கட்டில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அடுத்த வகுப்பிலிருந்து நான் தயங்காமல் குனிந்தேன். இன்றைக்கும், எந்த ஊர் மேடையானாலும், விளக்கு வருவதற்குள் ஒரு விரலால் தரையைத் தொட்டுவிடுவேன். நவீன நடனக்காரர்கள் யாரும் அப்படிச் செய்வதில்லை. ஏதோ விழுந்ததை எடுப்பதுபோல் செய்துவிடுவேன்.

பெங்களூர்ப் பள்ளியில் முதல் ஆண்டு முழுக்க, கற்றதை மறக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். முட்டியை விடு, இடுப்பை விடு, உடம்பின் பாரத்தைத் தரையிடம் கொடு. நானும் கொடுத்துத்தான் பார்த்தேன், தரை வாங்கிக்கொள்ளவில்லை. விழச் சொன்னால் முட்டியை விரித்து அரைமண்டியில் போய் விழுந்தேன். "நீ விழும்போதுகூடத் தாளம் தப்பாமல் விழுகிறாய். உன்னை வைத்துக்கொண்டு என்ன செய்ய?" என்று ஓர் ஆசிரியை தலையில் கைவைத்துக்கொண்டார். அன்று மாலை உனக்குப் போன் செய்து அழுதேன். "தாளம் தப்பி விழுதது எப்படின்னு கத்துக்க இம்புட்டு பீஸ் கட்டினியா?" என்று கேட்டாய். அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. நான் மறைக்கப் பார்த்த அந்த மடங்கிய முட்டியே என் அடையாளமாகிவிட்டது. நடனம் அமைக்கத் தொடங்கியதும், என்னுடைய ஆட்களும் அதே மாதிரி, தரைக்கு அருகில், எதற்கோ தயாராக இருப்பவர்கள்போல் நின்றார்கள். பத்திரிகைகளில் அதைப் புதிய மொழி என்று எழுதினார்கள். வெளிநாட்டுக்கு அழைத்தார்கள். அதைவிட, என் நடனங்களில் கடைசியாக வருகிற அசையாத நிற்பைப் பெரிதாகப் பேசினார்கள். காலமே நின்றுபோனதாக ஒருவர் எழுதியிருந்தார். படித்துவிட்டு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அதோடு, நானாகச் செய்தது இதில் எது, சார் தாளம் போடும் தட்டுக்கழியால் காலில் ஏற்றிவிட்டது எது என்ற குழப்பமும் அன்றிலிருந்து கூடவே வந்துகொண்டிருக்கிறது.

நீ என்னைப்போல் பெங்களூர் போகவில்லை. திருமணமாகி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தாய். மடவார் வளாகத்தில் வீட்டு முன்கூடத்தைக் காலி செய்து வகுப்பு தொடங்கினாய். சார் சொல்லிக் கொடுத்ததை ஒரு புள்ளி மாறாமல் சொல்லிக் கொடுத்தாய். போனில் நாம் பேசிக்கொண்டது பாதி, சண்டை போட்டது பாதி. சண்டை பெரும்பாலும் தீர்மானத்தைப் பற்றி. அதுதான், ஒரு நடன உருப்படியின் கடைசியில் ஒரே தாளச் சொல்கட்டை மும்முறை ஆடி, மூன்றாவதின் கடைசிக் காலடியோடு டக்கென்று நிற்கிற அந்த முடிப்பு. எனக்கு அது பிடிக்காது. கைதட்டச் சொல்லிச் சாடை காட்டுவதுபோல் இருக்கிறது என்பேன். நீ விடமாட்டாய். "வந்தவிய எலையில ரசம் வரைக்கும் ஊத்திட்டு, மோர் ஊத்தாம எந்திரிக்கச் சொல்லுவியா? ஆடினதை முடிச்சுக் குடுட்டி" என்பாய்.

அப்படிப்பட்ட நீதான் முடிக்காமல் ஒன்றை விட்டுப் போயிருந்தாய்.

காய்ச்சல் என்று படுத்தாய், மதுரைக்குக் கொண்டுபோனார்கள், அவ்வளவுதான். நான் அப்போது வெளிநாட்டில் இருந்தேன். வந்து சேர்ந்தபோது உன் வீட்டில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சில மாதம் கழித்து உன் வீட்டுக்காரர் கூப்பிட்டார். "தங்கச்சி, அவ பிள்ளைகளுக்குப் புதுசா ஒரு டான்ஸ் போட்டுக்கிட்டு இருந்தா. கடைசி மட்டும் பாக்கி. பெத்தவங்க எல்லாரும் அவ நினைவா அதை மேடையேத்தணும்ங்காங்க. முடிச்சுக் குடுக்க உங்களை விட்டா ஆள் இல்லை" என்றார். நீ தனியாக ஆடிப் பார்த்துப் போனில் எடுத்துவைத்த வீடியோவையும் அனுப்பினார்.

போட்டுப் பார்த்தேன். விடியாத நேரத்தில் ரோட்டோரம் மில் பஸ்சுக்குக் காத்திருக்கும் பெண்களைப் பற்றி நீ ஓர் உருப்படி அமைத்திருந்தாய். நீயா? புராணத்தை விட்டு ஓரடி நகரமாட்டேன் என்றிருந்த நீயா? தூக்குவாளியைக் கைமாற்றுவது, அவசரமாகப் பின்னலை முடிவது, தூக்கத்தில் தலை சாய்வது, எல்லாம் சுத்தமான பரத அடவுகளுக்குள் உட்கார்ந்திருந்தன. கடைசியில் ரோட்டை எட்டிப் பார்த்துவிட்டு நிற்கிறாய். அசையாமல் நிற்கிறாய். கொஞ்ச நேரம் கழித்துத் தூரத்தில் விளங்காத ஒரு குரல் கேட்கிறது. நீ வந்து போனை அணைத்துவிடுகிறாய். தீர்மானம் இல்லை.

நிகழ்ச்சிக்கு முந்திய வாரம் மடவார் வளாகம் வந்து இறங்கினேன். முன்கூடம் நீ விட்டபடியே இருந்தது. பிள்ளைகள் வரிசையாக நின்று வணக்கம் சொன்னார்கள். எல்லோரும் உன் முகவாயோடு நின்றார்கள். சலங்கையைக் கட்டச் சொன்னேன்.

இது முடிந்த நடனமா, முடியாததா என்பதே முதலில் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. முடியாதது என்றால் தீர்மானம் வைக்க வேண்டும். அதை நான் தூக்கத்தில்கூடச் செய்துவிடுவேன். ஆனால் ஒருவேளை நீ வேண்டுமென்றே அப்படி நிற்கவைத்து முடித்திருந்தால்? என்னுடைய வழியில் ஒரு முறை நடந்து பார்த்திருந்தால்? அதன் மேல் நான் தீர்மானத்தைக் கொண்டுபோய் ஒட்டினால், நீ கடைசியாகச் செய்ததை நானே அழித்ததாகிவிடும். ஒட்டாமல் விட்டாலோ, காய்ச்சல் வந்து பாதியில் நின்றதைப் பெரிய கலை என்று மேடையேற்றியதாகிவிடும். இரண்டில் எது நடந்தாலும் உன்னிடம் கேட்டுத் திருத்த முடியாது.

மிருதங்கம் வாசிக்கிற அண்ணனிடம் கேட்டேன். "நானும் கேட்டேம்மா. தீர்மானம் கோர்வை போட்டுக் கொண்டாரட்டுமான்னேன். பாப்போம்னாவ" என்றார்.

"எப்படிச் சொன்னா? வேண்டாங்கிற மாதிரியா, பொறவு பாக்கலாம்ங்கிற மாதிரியா?"

அவர் மேலே மின்விசிறியைப் பார்த்தார். "பாப்போம்ங்கிற மாதிரிதான் சொன்னாவ."

உன் வீட்டுக்காரருக்குக் குழப்பமே இல்லை. "அதுல கடைசியா கேக்குத சத்தம் என் சத்தம் தங்கச்சி. குழாயில தண்ணி வந்திருச்சு, ஓடியான்னு கூப்பிட்டேன். போட்டது போட்டபடி கொடத்தைத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தா. பொறவு அவளுக்கு நேரம் வாய்க்கலை" என்றார். சொல்லிவிட்டு அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு ஒரு நாள் தண்ணீர் பிடிக்காமல் போயிருந்தால்தான் என்ன என்று அவர் நினைத்திருக்கலாம். நான் நினைத்தேன்.

பிள்ளைகளில் ஒருத்தியின் அம்மா, தளவாய்புரத்திலிருந்து வருகிற பாக்கியமக்கா, தானே மில் பஸ்சில் போகிறவர். அவர் கேட்டது இன்னும் நேரடியான கேள்வி. "அப்பம் கடைசியில பஸ் வருதா, இல்லியா?"

"அதான்க்கா தெரியலை."

"வரணும்லா. வரலைன்னா அன்னைக்குச் சம்பளம் போச்சே. மிஸ்சு அப்படியா விட்டிருப்பாவ?"

சரி என்று ஒரு தீர்மானம் அமைத்தேன். நன்றாகவே அமைந்தது. பஸ் வந்து நிற்கிற விறுவிறுப்பு, பெண்கள் முண்டியடிக்கிற வேகம், மும்முறை, கடைசிக் காலடி. மிருதங்கம் அண்ணன் உற்சாகமாகிவிட்டார். பிள்ளைகளும் ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்கள். பாக்கியமக்கா கைதட்டினார். எனக்கு மட்டும் வேறு யாருடைய சேலையையோ உனக்குக் கட்டிவிட்டதுபோல் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், நான் உன் பாணியில் ஆடிக்கொண்டிருந்தேன், நீ என் பாணியில் நின்றுகொண்டிருந்தாய். எதிரெதிரே நின்று பழகியவர்களுக்கு இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது. யார் யாரைப் பார்த்து எடுத்தது என்று இனிமேல் பிரிக்க முடியாது.

மறுநாள் மதியம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். உன் வீட்டுக்காரர் அந்த வீடியோவை டிவியில் போட்டுக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனார். போனில் கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்த நீ, டிவியில் பெரிதாக நின்றாய். காதோரம் வியர்வைகூடத் தெரிந்தது. அப்போதுதான் கவனித்தேன். கடைசி நிற்பில் கண் அசையவில்லை, கை அசையவில்லை. தொண்டைக்குழி அசைந்தது.

நீ எண்ணிக்கொண்டிருந்தாய்.

கிடதகதரிகிடதோம். சார் நமக்கு முதன்முதலாகச் சொல்லிக் கொடுத்த தீர்மானம். அதை மெதுவாக, முதல் காலத்தில் நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டே பார்த்தேன். உன் தொண்டையோடு ஒத்துப்போனது. ஒரு முறை முடிந்தது. இரண்டாவது முடிந்தது. மூன்றாவது தொடங்கும்போது தண்ணீருக்குக் கூப்பிடுகிற குரல். நீ திரும்பிவிடுகிறாய். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இது நிஜம்தானா, நான் பார்க்க ஆசைப்பட்டதைப் பார்க்கிறேனா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. எச்சில் விழுங்கினாலும் தொண்டை அசையத்தான் செய்யும்.

ஆனால் என்னை அங்கேயே தரையில் உட்காரவைத்தது அது இல்லை. என்னைப் பற்றிய ஒரு விஷயம். என் நிற்புகளில் நானும் எண்ணிக்கொண்டுதான் நிற்கிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. காலம் நின்றுபோனதாக எழுதினார்களே, அந்த நேரத்தில் நான் மூடிய பல்லுக்குப் பின்னால் இதே தீர்மானத்தை மெதுவாகச் சொல்லிக்கொண்டிருப்பேன். எப்போது மேடையை விட்டு இறங்குவது என்று தெரிந்துகொள்ள எனக்கு வேறு வழி தெரியாது. தீர்மானமே வேண்டாம் என்று உன்னிடம் வாய் கிழியப் பேசிய அத்தனை வருஷமும் உள்ளே அதைத்தான் ஆடிக்கொண்டிருந்தேன்.

சென்னைக்கு என் நடனம் பார்க்க வந்தாயே, அது அப்போது நினைவுக்கு வந்தது. கடைசியில் நான் அசையாமல் நின்றபோது முடிந்துவிட்டது என்று நினைத்துக் கைதட்டினார்கள். நானும் வணங்கிவிட்டு இறங்கிவிட்டேன். அப்புறம் ஓட்டலில் தோசையைப் பிய்த்துக்கொண்டே நீ, "மூணாவது எங்கட்டி? கை தட்டினா எறங்கிருவியா?" என்று கேட்டாய். இங்கேயும் வந்து உன் தீர்மானத்தைக் கேட்கிறாயே என்று நான் எரிந்து விழுந்தேன். நீ சட்னி வேண்டும் என்று சர்வரைக் கூப்பிட்டாய். அத்தனை பேர் இருந்த அரங்கில் நான் எண்ணிக்கொண்டு நிற்கிறேன் என்பதை நீ ஒருத்தி மட்டும் பார்த்திருக்கிறாய். இரண்டோடு நான் விட்டுவிட்டதையும் பார்த்திருக்கிறாய். அது எனக்கு விளங்க உன் வீட்டு டிவி முன்னால் வந்து உட்கார வேண்டியிருந்தது. வாய்விட்டு அழுதேன். பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் போனாள்.

சாயங்காலம் பிள்ளைகள் வந்ததும், நான் அமைத்த தீர்மானத்தைத் தூக்கிப் போட்டேன். முதல் இரண்டும் அசையாமல் நிற்பது, மனசுக்குள் எண்ணுவது. மூன்றாவது மட்டும் காலால் தட்டுவது. மிருதங்கம் கிடையாது. மூன்றாவதில் நீ என்ன செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியாது. நின்றே இருந்திருக்கலாம், கண்ணை மூடியிருக்கலாம். ஆனால் சென்னையில் உன்னிடம் ஒரு முறை பாக்கி வைத்தாயிற்று. மறுபடியும் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

மிருதங்கம் அண்ணனுக்கு வருத்தம்தான். "பிள்ளைக எடுப்பு பிசகிருமேம்மா. மேடையில பயத்துல மனசுக்குள்ள எண்ணினா ஒண்ணொண்ணு ஒரு பக்கம் போகும்" என்றார். ஒத்திகையில் அப்படித்தான் போனது. ஒருத்தி முந்தினாள், ஒருத்தி எண்ணவே மறந்துபோய் நின்றாள். பாக்கியமக்கா கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "பஸ் வரவே இல்லையாக்கும்" என்றார் முதலில். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, விடு. நின்னு நின்னு கொசு புடுங்குனா நாங்களும் இப்படித்தான் காலைப் போட்டுத் தட்டுவோம்" என்றார். அதற்குமேல் அவர் பஸ்சைப் பற்றிக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூட அரங்கு. தறிக்காரர்கள், மில் வேலைக்காரர்கள், வாத்தியார்கள், கைக்குழந்தைகள். நான் முட்டியில் கட்டோடு மேடைப் பக்கத் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தூக்குவாளி கைமாறியது, கைகள் பின்னலை முடிந்தன, தலை சாய்ந்தது. பிள்ளைகள் ரோட்டை எட்டிப் பார்த்தார்கள். மிருதங்கம் நின்றது. அவர்களும் நின்றார்கள்.

ஒரு முறை எண்ணி முடிந்திருக்கும். கைதட்டத் தொடங்கிவிட்டார்கள்.

எனக்கு உயிரே போய்விட்டது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கத் தவறியிருந்தேன். கை தட்டினால் வணங்க வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். வணங்கிவிட்டு ஓடிவரப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஒருத்திகூட அசையவில்லை. முகவாயைத் தூக்கி, ரோட்டைப் பார்த்தபடி, தொண்டைக்குள் எண்ணிக்கொண்டு நின்றார்கள். கைதட்டு தயங்கியது, அங்கங்கே விட்டுவிட்டுக் கேட்டது, ஓய்ந்தது. யாரோ யாரையோ, "முடிஞ்சிட்டா?" என்று கேட்டார்கள். ஒரு குழந்தை சிணுங்கியது. கூட்டம் என்ன செய்வதென்று தெரியாமல் சும்மா இருந்தது. அந்தச் சும்மாவில் மூன்றாவது விழுந்தது. எல்லாக் காலும் ஒன்றாக விழுந்தது. ஒருத்தி மட்டும் இம்மி பிந்தினாள். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு யாரும் கைதட்டவில்லை. பிள்ளைகள் வணங்கிவிட்டு நடந்து வந்தார்கள். திரைக்கு இந்தப் பக்கம் என் காலும் தட்டியிருக்கிறது. வலி ஏறிய பிறகுதான் தெரிந்தது.

உன் வீட்டுக்காரர் வந்து, நல்லா இருந்துச்சு தங்கச்சி என்று மட்டும் சொன்னார். பிறகு நாற்காலிகளை அடுக்கப் போய்விட்டார். நான் அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மை கலைந்து, பிஸ்கட் தின்றுகொண்டு, யார் பிந்தினது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கை தட்டும்போது ஏன் இறங்கவில்லை என்று அவர்களிடம் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. கேட்டால் அவர்களுக்கு அது ஒரு கேள்வியாகவே தோன்றியிருக்காது. நீ பழக்கியவர்கள். நானும் உன்னோடுதான் பழகினேன், எனக்கு மட்டும் அது எங்கே விட்டுப்போனது என்று தெரியவில்லை.

அடுத்த மாதம் பெங்களூரில் எனக்கு ஒரு தனி நிகழ்ச்சி இருக்கிறது. கடைசியில் நிற்க வேண்டும். மூன்றாவதைத் தட்டினால் முட்டி போய்விடும் என்கிறாள் வைத்தியம் பார்க்கிற பெண். நின்றபடியே முடிப்பதா, தட்டுவதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. என் நடனம் என்று இனி எதைச் சொல்வது என்பதும் தெரியவில்லை. அரங்கு நிறைய ஆள் இருப்பார்கள். நான் எண்ணுவதை யாரும் பார்க்கப் போவதில்லை, விட்டால் கேட்கப் போவதும் இல்லை. கேட்க நீ இருந்தவரை நான் இரண்டோடு இறங்கிக்கொண்டிருந்தேன். இப்போது ஒத்திகையில், யாரும் இல்லாத கூடத்தில், மூன்றும் முடியும்வரை நிற்கிறேன்.